பட்டன் போனுக்கும் ஓர் இடம் வேண்டும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கைத்தொலைபேசிக் கோபுரங்களில் எவ்வளவு இடம் பேச்சுக்கு, எவ்வளவு இடம் டேட்டாவுக்கு என்று பங்கிடுவது என் வேலை. அதில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல். அதற்கு முந்தைய கிழமை "நெட் சுத்திக்கொண்டே நிக்குது" என்ற முறைப்பாடுகள் குவிந்ததால், அந்தப் பக்கத்து 2ஜி செக்டர் (கோபுரம் ஒரு திசையில் பார்க்கும் பகுதி) ஒன்றில் நாலு நேரத்துண்டுகளை, அதாவது ஆளுக்கு ஒன்றாகப் பேச ஒதுக்கும் நாலு இடங்களை, டேட்டாவுக்கென்றே பூட்டி வைத்திருந்தேன். பொங்கலன்று கடலை வண்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா பட்டன் போனைக் காதிலும் கண்ணிலும் மாறி மாறி வைத்துக்கொண்டு நின்றார். தோளில் காய்ச்சலோடு பேரப்பிள்ளை.

"அஞ்சாறு தரம் அடிச்சிட்டன் தம்பி. டுங் டுங் எண்டு கட்டாகுது. இவர் லாண்ட்மாஸ்டரோட எங்க நிக்கிறாரெண்டும் தெரியேல்ல."

இரண்டடி தள்ளி ஒரு பெடியன் கனடாவில் இருக்கும் சித்திக்கு வீடியோ கோலில் பொங்கலைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் போட்ட கணக்கில்.

அந்த செக்டரில் இரண்டு அலைக்காவிகள், அதாவது பேச்சைச் சுமக்கும் இரண்டு வானலைகள். ஒன்றுக்கு 8 நேரத்துண்டு, ஆக 16. இரண்டு, அழைப்பை இணைக்கும் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைக்குப் போக மிஞ்சுவது 14. அதில் நாலை எடுத்தால் பத்து இருக்கிறதே, மூன்றிலொரு பங்குகூடக் குறையவில்லையே என்றுதான் யாருக்கும் தோன்றும். டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. நூறு அழைப்பில் இரண்டு தவறினால் பரவாயில்லை என்று வைத்தால், 14 துண்டுகள் 8.2 எர்லாங் சுமையைத் தாங்கும் (ஒரு துண்டு ஒரு மணி நேரம் ஓயாமல் பேச்சில் இருந்தால் அது ஒரு எர்லாங்). 10 துண்டுகள் 5.08ஐத்தான் தாங்கும். ஆள் ஒருவர் இரண்டு நிமிடம் பேசினால், மணிக்கு 246 அழைப்பு தாங்கிய இடம் 152க்கு இறங்கிவிடுகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பெரிய குளத்துக்கு ஒரு வாய்க்கால் தண்ணீர் கூடினால் தெரியாது. சின்னக் குளம் உடனே வான் பாயும்.

கண்காணிப்பு அறையில் இருந்த நண்பருக்குச் சொல்லிப் பூட்டை எடுப்பித்தேன். ஒரே ஒரு துண்டு மட்டும் டேட்டாவுக்கு நிலையாக. மற்றவை பொது: யாரும் பேசாதபோது டேட்டா ஓடட்டும், அழைப்பு வந்தால் எழும்பி இடம் விடட்டும். நெருக்கம் கூடினால் ஒரு துண்டில் இரண்டு பேர் பேசும் அரைவீத முறையும் போட்டோம். குரல் கொஞ்சம் மங்கும், ஆனால் லைன் கிடைக்கும். திரும்பி வந்தபோது அம்மா பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தார். "கதைச்சிட்டன் தம்பி, வாறாராம்."

டேட்டா காத்திருக்கும். படம் அரை நிமிடம் பிந்தி வந்தாலும் அது படம்தான். குரல் அப்படியில்லை. 20 மில்லிசெக்கனுக்கு ஒரு சிறு பொதியாக வெட்டி அனுப்பப்படுகிறது. பிந்தி வந்த பொதி பயனில்லாத பொதி. அதனால் குரலுக்கு முன்னுரிமை கொடுப்பது அநீதி அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

4ஜியிலும் இதே கதை. வோல்ட்இ (4ஜியிலேயே சாதாரண அழைப்பு எடுக்கும் வசதி) மூலம் பேசினால் வலையமைப்பு அதைக் குரல் என்று அறிந்து, உத்தரவாதமான பாதை ஒதுக்கும். வட்ஸ்அப், வைபர் கோல் அப்படியல்ல. அது பக்கத்து வீட்டார் பார்க்கும் வீடியோவோடு ஒரே வரிசையில் நிற்கும் சாதாரண டேட்டா. காசு மிச்சம் என்று எல்லாவற்றுக்கும் வட்ஸ்அப்பில் எடுக்கப் பழகியவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். உங்கள் போனில் வோல்ட்இ இருந்தால் செட்டிங்ஸில் போட்டு விடுங்கள். இல்லாவிட்டால் சாதாரண அழைப்பு எடுக்கும்போது போன் பழைய வலையமைப்புக்கு இறங்கி, அந்த அம்மாவோடு அதே இடத்துக்குப் போட்டி போடும்.

2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான நாளில் மின்சாரம் நின்றால் கோபுரம் பற்றரியில்தான் ஓடும். பற்றரியைக் காக்க 4ஜியை முதலில் அணைத்து, பேச்சைக் கடைசிவரை வைத்திருப்பது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம். 1990 அம்புலன்ஸுக்கும் 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் நேரடி அழைப்பே எடுங்கள். உறவுகளுக்கு "நாங்கள் பள்ளிக்கூடத்தில் சுகமாக இருக்கிறோம்" என்று ஓர் எஸ்எம்எஸ் போதும். 2ஜியில் அது சமிக்ஞைப் பாதையில் போவதால் பேச்சுத் துண்டுகள் நிரம்பி வழியும்போதும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. தமிழில் 70 எழுத்துக்குறிக்குள் எழுதினால் ஒரே செய்தியாகப் போகும்.

முறைப்பாடு செய்யும்போது ஒன்று. "ரவர் சரியில்லை" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. கோல் எடுபடவில்லையா, நெட் ஓடவில்லையா, எந்தக் கிராமம், எத்தனை மணி என்று சொல்லுங்கள். எங்கள் திரையில் கோலும் நெட்டும் வேறு வேறு எண்கள். அன்றைக்கு நெட் முறைப்பாடு மட்டுமே என் மேசைக்கு வந்திருந்தது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. அவர்களுக்காக நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.