கங்ஹனெத்: வெல்ஷ் கவிதையின் ஒலிக்கட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் வழங்கும் வெல்ஷ் மொழியின் கவிதைகளைப் பிறமொழி வாசகர்க்கு அறிமுகப்படுத்தும் எவரும் ஒரு சொல்லை மட்டும் பெரும்பாலும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவர். அச்சொல் ‘கங்ஹனெத்’ (cynghanedd). உரோம எழுத்துகளைப் பார்த்து இதைச் ‘சிங்கனெட்’ என்று தமிழில் எழுதுவது பிழையாகும். முதல் ஒலி ககரம். இறுதி ஒலி, ‘அது’ என்பதில் நாம் ஒலிக்கும் மெல்லிய தகரம்.

‘உடன், கூட’ என்று பொருள்படும் முன்னொட்டும் ‘பாடு’ என்னும் வினையடியும் சேர்ந்து இச்சொல் பிறந்தது. இசையில் பல குரல்கள் இயைந்து ஒலிப்பதையும் வெல்ஷ் மக்கள் இதே சொல்லால் குறிக்கின்றனர். யாப்பில் இதன் பொருள் இன்னும் நுட்பமானது: ஓரடிக்குள் மெய்யொலிகளையும் இயைபுகளையும் விதிப்படி ஒத்து நிற்கச் செய்யும் முறை.

வேல்ஸில் வழங்கும் பழமொழி ஒன்று இதை நன்கு விளக்கும்: ‘டேக் எட்ரிக் / டியாக் அட்ரெவ்’. ‘வீட்டுத் திசையை நோக்குவது இனிது’ என்பது பொருள். உயிரொலிகளை நீக்கிப் பார்த்தால் முதற்பாதியில் ட், க், ட், ர் என வரும் மெய்வரிசை இரண்டாம் பாதியிலும் அப்படியே வருகிறது. இரு பாதிகளின் கடைசி மெய் மட்டும் வேறுபட வேண்டும் என்பது விதி, இங்கும் அவை வேறுபடுகின்றன. ஏழே அசைகளில் (தமிழ் யாப்பின் நேர், நிரை அசைகளல்ல; ஓர் உயிரொலிக்கு ஓரசை என்னும் கணக்கு) இத்தனையும் அமைந்துவிடுகிறது. இது நால்வகைகளுள் ‘குறுக்கு’ எனப்படுவது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஒத்து வராத மெய்களைக் கடந்து செல்ல இடம் தருவது மற்றொரு வகை. எஞ்சிய இரண்டிலும் இயைபுக்குப் பங்குண்டு.

இடைக்காலத்தில் உருவான இந்த மரபு இன்றும் உயிரோடு இருப்பதே என்னைப் பெரிதும் ஈர்க்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் சுமார் 5,38,000 பேரே வெல்ஷ் பேசுகின்றனர். ஆயினும், ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் தேசிய ஐஸ்டெத்வொட் விழாவில் கவிஞருக்கு வழங்கப்படும் நாற்காலிப் பரிசை இம்முறையில் இயற்றிய கவிதையால்தான் வெல்ல முடியும். 2001இல் மெரெரிட் ஹோப்வுட் அதை வென்ற முதல் பெண்ணானார். பிபிசியின் வெல்ஷ் வானொலியில் கவிஞர் அணிகள் மோதும் நிகழ்ச்சி 1979 முதல் ஒலிபரப்பாகி வருகிறது.

இனித் தமிழ்ச் சொல். ‘மோனை’ எனச் சிலர் எழுதக்கூடும், அது போதாது. மோனை முதலெழுத்தோடு நிற்பது, எதுகை இரண்டாம் எழுத்தோடு நிற்பது. ‘அகர’, ‘பகவன்’ என்பவற்றில் ககரம் தன் உயிரோடு சேர்ந்தே ஒத்து வருகிறது. கங்ஹனெத்திலோ உயிர் மாற, மெய்களின் முழு வரிசையும் திரும்ப வருகிறது. வேர்ப்பொருளை எண்ணி ‘உடன்பாடு’ என்று சொல்லத் தோன்றலாம்; ஆனால் அதிலுள்ள ‘பாடு’, ‘படு’ என்பதன் திரிபே தவிரப் பாடுவதைக் குறிப்பதன்று. ‘ஒத்திசைவு’ என்பதும் இசைக்குப் பொருந்துமே ஒழிய, அதில் யாப்பின் சாயல் இல்லை.

‘மெய்யிசைத் தொடை’ என்பதே தகுந்தது என்பது என் கருத்து. ‘இசை’ பாட்டையும் இணக்கத்தையும் ஒருங்கே குறிப்பதால் மூலச்சொல்லின் இரு பொருளும் அதில் அடங்கும். ‘தொடை’ என்றதும் தமிழ் வாசகர் இது யாப்புச் செய்தி எனத் தெளிவர். இயைபு வரும் இரு வகைகளை ‘இயைபு மெய்யிசைத் தொடை’ எனப் பிரித்துக் கூறலாம்.

மேற்கண்ட பழமொழியைப் பொருளோடு ஒலியும் வருமாறு தமிழாக்க நான் முயன்றபோது ஏழு அசைகளில் அமைந்த அடி இது: ‘ஊர் நாட / உயிர் நீடும்’. முதற்பாதியில் ர், ந், ட். இரண்டாம் பாதியில் யகரத்தைக் கடந்தால் மீண்டும் ர், ந், ட்.