பிபி நூறு இருக்கே சிஸ்டர்!

டெங்கு பேஷண்ட் ஷாக்குக்குப் போவதை, அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போவதை, கவனிக்காமல் விட்டது இந்த மழைக்கு எங்கள் வார்டில் இது மூன்றாவது. முதல் இரண்டு தடவையும் டியூட்டி மாறுகிற ஹேண்ட்ஓவரில் நின்று திட்டியதோடு விட்டுவிட்டேன். இனித் திட்டிப் பயனில்லை என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரிப் பெண். டெங்கு, ஐந்தாம் நாள். முந்தின நாள் சாயங்காலமே காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் டியூட்டிக்கு வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். நைட் டியூட்டிப் பெண் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: காய்ச்சல் இல்லை, பிபி நார்மல், பேஷண்ட் ஸ்டேபிள்.

கட்டிலருகே போனதும் முதலில் காலைத் தொட்டுப் பார்த்தேன். பழக்கம். முழங்கால் வரை ஜில்லென்று இருந்தது. கைவிரல் நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு இரண்டு செகண்டுக்குள் திரும்ப வேண்டும், இவளுக்கு நாலு செகண்ட் ஆனது. ஆள் மட்டும் நல்ல தெளிவு. "இன்னிக்கு வீட்டுக்கு விட்ருவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

அவள் அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ராத்திரியே சொன்னேன் சிஸ்டர், கை காலெல்லாம் சில்லிட்டுக் கெடக்குன்னு. ஏசியா இருக்கும்மான்னு இன்னொரு போர்வை குடுத்தாங்க." கடைசியாக எப்போது யூரின் போனாள் என்று கேட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்காம். அப்போது மணி காலை ஆறரை.

இனி டிபிஆர் சார்ட்டை, அதாவது காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி எழுதும் தாளைப் பாருங்கள். இரவு 10 மணி: பிபி 110/70, நாடி 88. 12 மணி: 106/76, நாடி 96. 2 மணி: 104/80, நாடி 108. 4 மணி: 100/82, நாடி 116. மேல் எண் ஒரு தடவைகூட நூறுக்குக் கீழே இறங்கவில்லை. அதைத்தான் அந்தப் பெண்ணும் என்னிடம் சொன்னாள், கண்ணில் தண்ணீரோடு: "நூறு இருந்துச்சே சிஸ்டர்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளித்துவிட்டது. மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள். 40, 30, 24, 18. இரண்டாம் வகுப்புக் கணக்கு. டெங்குவில் இந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் பேஷண்ட் ஏற்கெனவே ஷாக்கில் இருக்கிறார். பெரியவர்களுக்கு இந்த அளவு குறுகியிருந்தால் ஷாக் இன்னும் முற்றியிருக்கலாம் என்றுதான் 2009ஆம் வருஷத்து உலக சுகாதார நிறுவன வழிகாட்டியும் சொல்கிறது. மேல் எண் நன்றாக இருக்கும், பேஷண்ட் தெளிவாகப் பேசுவார், அதைப் பார்த்து அனுபவம் இல்லாதவர்கள் ஏமாந்துபோவார்கள் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது.

டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, ஏன் கசிகிறது என்பதெல்லாம் படித்ததுதான், அதை விடுங்கள். மேல் எண் ஏன் விழாமல் நிற்கிறது என்பதை மட்டும் இன்னொரு தடவை சொல்கிறேன். சம்பளம் பாதியாகிப்போன வீட்டில் என்ன செய்வார்கள்? மளிகையைக் குறைப்பார்கள், பாலை நிறுத்துவார்கள், வாடகையை மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் கட்டிவிடுவார்கள். ஹவுஸ் ஓனரைக் கேட்டால் "நல்ல பார்ட்டி சார், ஒரு பிரச்சினையும் இல்ல" என்பார். உடம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. கை, கால், கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து, குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் போவதைக் காப்பாற்றுகிறது. குழாய் சுருங்குவதால் கீழ் எண் ஏறுகிறது, மேல் எண் அப்படியே நிற்கிறது. நீங்கள் ஹவுஸ் ஓனரை மட்டும் கேட்டுவிட்டு வந்து ஸ்டேபிள் என்று எழுதுகிறீர்கள். அடுக்களை காலியாகிவிட்டதைச் சொன்னது ஜில்லென்ற காலும் வராத யூரினும். வாடகையும் கட்ட முடியாமல் போகிற அன்றைக்கு மேல் எண் சரசரவென்று விழும். அதற்குப் பிறகு ஓடி என்ன செய்ய?

போர்வை விஷயத்தில் நானும் யோக்கியம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நானும் ஒரு பையனுக்கு இப்படிப் போர்வை கொடுத்திருக்கிறேன். அவன் வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்தது மூச்சு. எங்கள் வார்டில் ஓர் அதிசயம் உண்டு. ஆஸ்துமா, ஹெர்னியா, டெங்கு என்று எந்த வித்தியாசமும் இல்லாமல் அத்தனை பேரும் நிமிடத்துக்குச் சரியாக 20 தடவை மூச்சு விடுவார்கள். இந்தப் பெண்ணுக்கும் இரவு முழுக்க 20. காலையில் ஒரு முழு நிமிடம் வாட்சைப் பார்த்து எண்ணினேன், 26. இங்கிலாந்தில் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது, நியூஸ் என்பார்கள். நாலு மணிக் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். பிபி 100க்கு இரண்டு, நாடி 116க்கு இரண்டு, மூச்சு 20க்கு சைபர், மற்றதெல்லாம் நார்மல். ஆக 4. அவசரம் என்பதே 5இல்தான் தொடங்குகிறது. எண்ணிப் பார்த்திருந்து அப்போதே 26 இருந்திருந்தால் அதற்கு மூன்று. கூட்டினால் 7, டாக்டர் ஓடிவர வேண்டிய எண். எண்ணாமல் எழுதிய ஒரு 20 அந்தப் பெண்ணை அவசரப் பட்டியலிலிருந்தே தள்ளி வைத்துவிட்டது.

"யோசிக்கிறது டாக்டர் வேலை சிஸ்டர், நாம ஆர்டரைப் பார்த்துச் செஞ்சா போதும்." இதைச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த டாக்டர் ஒரு நாளில் இந்தக் கட்டிலருகே எவ்வளவு நேரம் நிற்கிறார்? ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மீதி நேரமெல்லாம் அங்கே இருப்பது நாம்தான். நாலு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு நமக்கு மட்டும்தான் இருந்தது. கிறிஸ்டின் டேனர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 2006இல் இதை நாலு படியாகப் பிரித்தார்: கவனிப்பது, அதற்கு என்ன அர்த்தம் என்று பார்ப்பது, செயல்படுவது, செய்ததைத் திரும்ப யோசிப்பது. நாம் முதல் படியிலேயே பேனாவை மூடிவிடுகிறோம்.

படிப்பிலும் கோளாறு இருக்கிறது. போஸ்டிங் வந்த மாணவி ஒருத்தி இதே பெண்ணுக்கு கேர் பிளான் எழுதியிருந்தாள். முதல் பிரச்சினை: காய்ச்சல். தீர்வு: ஈரத்துணி வைத்துத் துடைத்தல். தெர்மாமீட்டரில் 98.4! சீனியர் நோட்டிலிருந்து வந்த காய்ச்சல் அது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம், அதற்குப் பிறகு 24 முதல் 48 மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத குற்றம் எங்களுடையதும்தான்.

சரி, என்ன செய்வது? காய்ச்சல் விட்ட டெங்கு பேஷண்ட்டுக்கு "நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை" ஆர்டர் இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மானிட்டர் எண்ணில் சந்தேகம் வந்தால் கையால் எடுங்கள். காலைத் தொடுங்கள். யூரினை அளந்து எழுதுங்கள்; 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். டாக்டருக்கு போன் போட்டு "சார், பேஷண்ட் என்னமோ மாதிரி இருக்காங்க" என்று இழுக்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "சார், பன்னெண்டாம் பெட், டெங்கு அஞ்சாம் நாள், நேத்து காய்ச்சல் விட்டிருக்கு. பத்து மணிக்கு 110/70 இருந்த பிபி இப்ப 104/80, நாடி 108. கால் ஜில்லுன்னு இருக்கு, ஏழு மணியிலேருந்து யூரின் இல்ல. ஷாக்குக்குப் போறாங்கன்னு நினைக்கிறேன். இப்பவே வந்து பாருங்க. பிசிவிக்கு ரத்தம் எடுத்து வைக்கவா?" இருபது செகண்ட். (பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்கிற கணக்கு; பிளாஸ்மா கசியக் கசிய அது ஏறும்.) அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் பேசிப் பழகிய முறைதான் இப்படி மருத்துவமனைக்கு வந்திருக்கிறது. இரண்டு மணிக்கு "இதுக்கெல்லாமா எழுப்புவீங்க" என்று எரிந்து விழும் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த தடவை அந்தப் பெண் உங்களைக் கூப்பிட மாட்டாள்.

கூட இருக்கும் வீட்டுக்காரர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அன்று இரவு அந்தப் பெண்ணின் உறவினர்கள் மூன்று பேர் வார்டுக்கு போன் செய்தார்கள். மூன்று பேரும் கேட்டது பிளேட்லெட் எவ்வளவு என்றுதான். அது 62 ஆயிரம், அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தின நாள் 38 இருந்த பிசிவி 47க்கு ஏறியிருந்ததை யாரும் கேட்கவில்லை. யூரின் போன நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், நிலைகொள்ளாமல் புரள்வது, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாக யூரின் வராதது, இதில் எது இருந்தாலும் கூப்பிடுங்கள். போர்வை கொடுத்து அனுப்பினால் மறுபடி வாருங்கள். அந்த அம்மா சொன்னது சரி, எங்கள் சார்ட்தான் தப்பு.

பெண் இரண்டு நாள் ஐசியுவில் இருந்துவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். இப்போது டிபிஆர் சார்ட்டில் பிபி கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வித்தியாசத்தை எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி வேறொரு கட்டிலில் வித்தியாசம் 26 என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டு, "2.10க்கு டாக்டரிடம் சொல்லியாச்சு" என்று குறித்திருந்தார்கள். மூச்சுக் கட்டத்தில் இன்னும் 20தான்.