பர்க்ளரிக்குத் தமிழ்: கன்னமிடல்

‘முதல் தரக் கொள்ளை’. போன வாரம் சரிபார்க்கச் சொல்லி எனக்கு வந்த சப்டைட்டில் கோப்பில் இருந்த வரி இது. நியூயார்க் மாநிலத்துக் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) நீதிமன்றம் ஒன்றைப் பற்றிய ஆவணப்படம். படத்தில் நீதிபதி குற்றச்சாட்டைப் படிக்கிறார், கீழே இந்த வரி ஓடுகிறது. முதல் தரக் காப்பிப்பொடி உண்டு, முதல் தர நல்லெண்ணெய் உண்டு. கொள்ளையிலுமா? குற்றத்தின் கடுமை நிலையைச் சொல்லும் ‘டிகிரி’தான் இங்கே ‘தரம்’ ஆகியிருக்கிறது.

மூலத்தில் இருந்த சொல் ‘பர்க்ளரி’. இடைக்கால லத்தீன் சட்ட வழக்கிலிருந்து வந்தது. அரண் உள்ள ஊரையோ மனையையோ குறிக்கும் ‘பர்க்’ அதன் முன்பாதி. ‘பர்கிள்’ என்ற வினைச்சொல் 19ஆம் நூற்றாண்டில்தான் ‘பர்க்ளர்’ என்பதன் வாலை நறுக்கி உண்டாக்கியது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

பொருள்தான் முக்கியம். பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் இந்தக் குற்றம் நிரூபணமாக ஐந்தாறு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: உடைக்க வேண்டும், நுழைய வேண்டும், அது பிறர் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், நேரம் இரவாக இருக்க வேண்டும், உள்ளே பெருங்குற்றம் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். ஆள் முகம் தெரியும் அளவுக்குப் பகல் வெளிச்சம் இருந்தால் அது பர்க்ளரி ஆகாது என்றே எழுதிவைத்தார்கள். இன்றைய நியூயார்க் சட்டம் இதில் பலவற்றைக் கழற்றிவிட்டது. உரிமையில்லாமல் ஒரு கட்டடத்துக்குள் தெரிந்தே நுழைந்தாலோ, வெளியேற வேண்டிய நேரத்தில் உள்ளேயே தங்கினாலோ போதும், கூடவே உள்ளே ஏதாவது குற்றம் செய்யும் நோக்கம் இருக்க வேண்டும். ஏதாவது குற்றம் என்றால் திருட்டுதான் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரனை அடிக்க நுழைந்தவனும் பர்க்ளர்தான், ஒரு கரண்டியைக்கூடத் தொடாவிட்டாலும்.

இதைப் போய்க் கொள்ளை என்றால்? 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தமிழில் படித்தவர்களுக்குக் கொள்ளை எதுவென்று தெரியும். 390ஆம் பிரிவு. ஆளை அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால் கொள்ளை. ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து செய்தால் 391, கூட்டுக்கொள்ளை. எதிரே பயப்பட ஓர் ஆள் வேண்டும். ஆனால் நம் நாளிதழ்களில் தினமும் ‘பூட்டிய வீட்டில் 40 பவுன் கொள்ளை’. வீட்டுக்காரர் குடும்பத்தோடு திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறார், பிறகு யாரை மிரட்டிப் பிடுங்கினான்? பீரோவையா? திருட்டு என்று போட்டால் செய்திக்குக் காரம் குறைகிறது, அதனால் கொள்ளை. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுவதில்லை, செய்தித்தாளைப் புரட்டுகிறார்கள். அங்கிருந்து நேராகச் சப்டைட்டிலுக்கு வந்துவிடுகிறது.

‘வீடு புகுந்து திருட்டு’ கொஞ்சம் மேல். ஆனாலும் திருட்டு ஒட்டிக்கொண்டே வருகிறது. காவல்துறைக் குறிப்புகளில் புழங்கும் ‘கன்னக்களவு’ அழகான சொல், எனக்குப் பிடித்த சொல். அதிலும் பின்னால் களவு. முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. கன்னம் என்பது சுவரில் போடும் துளை. கன்னக்கோல் அதைப் போடும் கருவி. கன்னமிட்டான் என்றால் துளைத்து வழி செய்துகொண்டான் என்றுதான் அர்த்தம், என்ன எடுத்தான் என்பது அடுத்த கேள்வி. சட்டம் தண்டிப்பதும் அந்த நுழைவைத்தான். மதுரைக்காஞ்சியில் இரவில் திரியும் ‘நிலன் அகழ் உளியர்’ (நிலத்தைத் தோண்டும் உளி உடையவர்கள்) இந்தத் தொழில்காரர்களே. 1860ஆம் வருடத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு, வீடுடைப்புக்குக் கொடுத்த முதல் எடுத்துக்காட்டே சுவரில் ஓட்டை போட்டுக் கையை உள்ளே விடுபவன். கன்னத்தை இதைவிடத் துல்லியமாக எப்படிச் சொல்வது? இலங்கையில் வழங்கும் ‘வீடுடைத்தல்’ எளிமையானது, ஆனால் கடையையும் கிடங்கையும் சேர்க்க முடியாது.

இப்போது யார் சுவரைத் துளைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். ‘பர்க்’கில் மட்டும் இன்று அரண் இருக்கிறதா? திறந்திருந்த கதவு வழியாகப் போனவனுக்குக் கன்னமிடல் பொருந்துமா என்று கேட்டால், கொஞ்சம் இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது. கடை சாத்தும்வரை சேலை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனுக்கு இன்னும் அதிகமாக இழுக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். கொள்ளை என்பதைவிட இந்த இழுப்பு பரவாயில்லை.

அந்தக் கோப்பில் வேறு கோளாறுகளும் இருந்தன. கவுண்டி நீதிமன்றத்தை ‘மாவட்ட நீதிமன்றம்’ ஆக்கியிருந்தார்கள். நியூயார்க்கில் நாசோ கவுண்டியிலும் மேற்கு சஃபோக்கிலும் மாவட்ட நீதிமன்றம் என்றே தனியாக, கீழ்நிலையில், ஒன்று இருக்கிறது. கவுண்டியைக் கவுண்டி என்றே விட்டுவிடுங்கள். நியூயார்க் நகரத்துக்கு வெளியே பெருங்குற்ற வழக்குகளை நடத்துவது கவுண்டி நீதிமன்றம்தான்.

அதைவிட மோசம், ‘ப்ளீ பார்கெய்ன்’ என்பதற்குப் போட்டிருந்த ‘மனு பேரம்’. ‘ப்ளீ’ என்றால் மனு என்று நம் ஆங்கில நாளிதழ்கள் பழக்கிவிட்ட பழக்கம். குற்றவியல் நீதிமன்றத்தில் ‘ப்ளீ’ என்பது குற்றம்சாட்டப்பட்டவர் சொல்லும் பதில்: செய்தேன், செய்யவில்லை. ஆகவே அது ‘ஒப்புதல் பேரம்’: குற்றத்தை ஒப்புக்கொண்டு, பதிலுக்குக் குற்றச்சாட்டையோ தண்டனையையோ குறைத்துக்கொள்வது. இதைத் தப்பாக எழுதினால் படமே புரியாது, ஏனென்றால் அங்கே வழக்குகள் பெரும்பாலும் முடிவது இப்படித்தான். அமெரிக்க மாநிலங்களில் தண்டனை பெறுவோரில் 94 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது.

படத்தில் வேறொரு வழக்கில் வரும் இளைஞன் ஒரு குடியிருப்பு வீட்டில் நுழைந்தவன். அது இரண்டாம் நிலைக் கன்னமிடல், மூன்றரை முதல் 15 ஆண்டு வரை சிறை. (ஆயுதம், காயம் என்று கூடினால் முதல் நிலை, 5 முதல் 25. குடியிருப்பு அல்லாத கட்டடம் என்றால் மூன்றாம் நிலை, முதல் தடவைக்காரருக்குச் சிறையில்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பே கிடைக்கலாம்.) பேரத்தில் அவன் இரண்டாம் நிலைக் கன்னமிடல் ‘முயற்சி’க்கு ஒப்புக்கொள்கிறான், வரம்பு 2 முதல் 7 ஆண்டாக இறங்குகிறது. நகையை எடுத்துக்கொண்டு போனவன் காகிதத்தில் முயன்றவனாக மட்டும் ஆகிறான். தண்டனைக்கு முன்னால் நன்னடத்தைத் துறை ஓர் அறிக்கை தர வேண்டும், அப்புறம்தான் நீதிபதி வருடக் கணக்கைச் சொல்வார். மொழிபெயர்த்தவரோ ‘கொள்ளையடிக்க முயன்றதாக மனு செய்தார்’ என்று எழுதியிருந்தார். எந்த மனுவை, யாரிடம்?

எல்லாவற்றையும் திருத்தி, இரண்டு பக்கக் குறிப்பும் எழுதி அனுப்பினேன். நேற்று இறுதிப் பிரதி வந்தது. ‘மனு பேரம்’ போய்விட்டது. கவுண்டி கவுண்டியாக இருக்கிறது. அந்த முதல் வரி மட்டும் ‘முதல் நிலைக் கொள்ளை’ ஆகியிருக்கிறது.