எடை சொன்னால் போதாது, கிலோவா பவுண்டா என்றும் சொல்லுங்கள்

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலிருந்து தக்காளியும் இறைச்சியும் கிலோ கணக்கில்தான் எடைபோட்டு விற்கப்பட வேண்டும். விரும்பினால் பவுண்டு விலையையும் பக்கத்தில் எழுதிவைக்கலாம். சாலைப் பலகையில் மைலும், மதுக்கூடமான பப்பில் பீரை அளக்கும் பைன்ட்டும் சட்டப்படியே நீடிக்கின்றன. மருந்தாளரான எனக்கு அவற்றால் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் வீட்டுக் குளியலறையில் கிடக்கும் எடை இயந்திரத்தால்தான்.

இங்கே பலரும் தங்கள் எடையை இன்னமும் ஸ்டோனில்தான் சொல்கிறார்கள். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, சுமார் 6.35 கிலோ. இறாத்தல் (பவுண்டு) கணக்கில் பாண் (ரொட்டி) வாங்கி வளர்ந்த இலங்கைத் தமிழருக்குப் பவுண்டு புதிதல்ல, ஸ்டோன் அவர்களையும் திணறடிக்கும். பச்சிளங்குழந்தை என்றால் அவுன்ஸும் சேர்ந்துகொள்ளும். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். 8 பவுண்டு 12 அவுன்ஸ் உள்ள குழந்தை ஏறக்குறைய 3.97 கிலோ. அதையே கைப்பேசியில் 8.12 பவுண்டு என்று தட்டினால் 3.68 கிலோ என்று வரும். கிட்டத்தட்ட 300 கிராம் காணாமல் போய்விடுகிறது.

இதைவிட மோசமானது, பவுண்டைக் கிலோ என்று எடுத்துக்கொள்வது. 30 பவுண்டு எடையுள்ள குழந்தை உண்மையில் 13.6 கிலோதான். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் கணக்கிட்டால் ஒரு வேளைக்கு 204 மில்லிகிராம். "முப்பது" என்பதை மட்டும் கேட்டுக் கிலோ என்று குறித்துக்கொண்டால் அதுவே 450 ஆகிவிடும். சொன்ன எண்ணில் பிழையே இல்லை, பாருங்கள்!

பெரியவர்களுக்கு ஓரிரு கிலோ முன்னே பின்னே இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் இரத்த நாளம் வழியாகச் செலுத்தும் பாராசிட்டமாலுக்கு 50 கிலோ ஓர் எல்லைக்கோடு. அதற்குள் இருப்பவர்களுக்கு எடைக்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். 8 ஸ்டோன் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, 7 ஸ்டோன் 12 பவுண்டு சற்றுக் கீழே. மெலிந்த தாயாருக்காகப் பேசும் பிள்ளைகள் "எட்டு ஸ்டோன் இருப்பார்" என்று குத்துமதிப்பாகச் சொல்வதைவிட, "தெரியாது, நிறுத்துப் பாருங்கள்" என்று சொல்வதே மேல்.

பெரும்பாலான எடை இயந்திரங்களின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கிலோவுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். குழந்தைக்கு மருந்து கேட்கும்போது சிவப்புப் புத்தகத்தில் (குழந்தையின் உடல்நலப் பதிவேட்டில்) கடைசியாகப் பதிந்த கிலோ எடையையும், என்றைக்குப் பார்த்த எடை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.