பேப்பர் கப்புக்கும் தடை உண்டு

டீயைக் கவரில் கட்டிக் கொடுங்கள் என்றால், "பிளாஸ்டிக் தடை இருக்குங்க" என்று மறுக்கும் கடைக்காரர், அடுத்த ஆளுக்குப் பேப்பர் கப்பில் டீ ஊற்றிக் கொடுக்கிறார். தமிழ்நாட்டில் இரண்டுக்குமே தடை உண்டு.

2018 ஜூன் 25-ஆம் தேதி வந்த அரசாணை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. கேரி பேக், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், பார்சல் கட்டும் தாள், பிளாஸ்டிக் கொடி என்று பட்டியல் போகிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் அதில்தான் வருகின்றன.

காகிதத்துக்கு ஏன் தடை என்று தோன்றலாம். வெறும் காகிதத்தில் சூடான டீ நிற்காது, ஊறி ஒழுகிவிடும். அதனால் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுக்கிறார்கள். ஒரு கப்பை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள். காகிதம் கூழாக வந்துவிடும், மெல்லிய தோல் மாதிரி ஒன்று மிஞ்சும். காகிதமும் பிளாஸ்டிக்கும் இப்படி ஒட்டிக்கிடப்பதால் மறுசுழற்சியும் லேசில் நடக்காது. கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதே தடையில் சிக்கிய நான்-ஓவன் பை (துணி போலவே தெரியும், நெய்யாத பிளாஸ்டிக் இழைப் பை) விஷயத்தை மட்டும் மறுபடி பரிசீலிக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நீதிமன்றம் விட்டது.

"இது 120 மைக்ரான் சார், ஒண்ணும் பிரச்சினையில்லை" என்று சொல்லிக் கவர் கொடுப்பவர்களும் உண்டு. பையின் தடிமனை மைக்ரானில் அளக்கும் அந்தக் கணக்கு மத்திய அரசு விதியில் வருவது. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பை நாடு முழுக்கக் கூடாது என்கிறது அது. தமிழ்நாட்டு ஆணையோ தடிமனைப் பார்ப்பதே இல்லை. எத்தனை மைக்ரானாக இருந்தாலும் இங்கே கேரி பேக் கூடாது. பால், எண்ணெய், மருந்து அடைத்து வரும் உறைகளுக்கு அந்த ஆணையிலேயே விலக்கு உண்டு.

அபராதம் கடைக்குக் கடை மாறும். 2019-இல் வகுத்தபடி, முதல் முறை மாட்டினால் சிறு வியாபாரிக்கு 100 ரூபாய், மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் 1,000, ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் போன்ற பெரிய இடங்களுக்கு 10,000. பதுக்கி வைத்து விற்பவர்களுக்கு 25,000 ரூபாயில் தொடங்கி, மூன்றாம் முறை ஒரு லட்சம். தள்ளுவண்டிக்காரரை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் சரக்கு வருவது நிற்காது என்பது என் எண்ணம்.

சரி, பை எடுத்துவர மறந்துவிட்டால்? 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' திட்டத்தில் கோயம்பேடு சந்தை போன்ற இடங்களில் இயந்திரம் வைத்தார்கள். 10 ரூபாய் போட்டால் துணிப்பை வரும். பெரிய கடைகளில் பில் போடும்போது சொல்லாமல் பைக்குக் காசு சேர்த்தால் தட்டிக் கேட்கலாம். முன்கூட்டியே தெரிவிக்காமல், காசு கட்டும் இடத்தில் பைக்கு விலை வைப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது.