கட்டிப்போட்ட படகும் கொட்டலசு பிடித்த புரொப்பல்லரும்

சேலத்தில் கடல் இல்லை. ஆனாலும் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து விசைப்படகுகளின் புரொப்பல்லர்கள் லாரியேறி எங்கள் பட்டறைக்கு வருகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். எங்களுக்கு அதுதான் சீசன். பாறையில் இடித்து வளைந்து வரும் இறக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது. அதில் ஒட்டிய கொட்டலசை, அதாவது பார்னக்கிள் என்ற ஓட்டுயிரை, எடுக்கிறேன் என்று உளியால் கொத்திக்கொண்டு வருவார்களே, அதைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும்.

கடல்நீரில் கிடக்கும் எதன்மேலும் முதலில் வழவழப்பான படலம் ஒன்று படியும். அந்தக் கட்டத்தில் கோணித் துணியால் தேய்த்தாலே போய்விடும். விட்டுவைத்தால் கொட்டலசின் குஞ்சுகள் வந்து பசை வைத்து ஒட்டி, சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். தினமும் ஓடுகிற படகில் அவை ஒட்டுவது கடினம். 61 நாள் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகில் வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது. தடைக்காலம் தொடங்கும்போதே பாலிஷ் போட்டு, படகைத் திரும்பத் தண்ணீரில் விடுவது வீண் செலவு. கடலுக்குக் கிளம்புவதற்கு முன் போடுங்கள்.

சொரசொரப்பு ஏறினால் உந்துவிசை குறையும், டீசல் கூடும், எஞ்சின் கரும்புகை தள்ளும். ஒரு இறக்கையில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் பிடித்திருந்தால் அதிர்வில், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாப்ட்டைத் தாங்கும் புஷ் தேயும்.

“வெண்கலத்தில்தான் செம்பு இருக்கிறதே, அப்புறம் எப்படிண்ணே பிடிக்குது?” என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால்தான் அந்த உயிர்களை விரட்டும். ஷாப்ட்டில் மாட்டியிருக்கும் ஆனோடு என்ற துத்தநாகத் துண்டு, தன்னைக் கரைத்துக்கொண்டு புரொப்பல்லரைக் கரையவிடாமல் காக்கிறது. செம்பு வெளியேறாததால் கொட்டலசுக்கு வசதி. அதற்காக ஆனோடைக் கழற்றிவிடாதீர்கள். கொட்டலசைச் சுரண்டி எடுத்துவிடலாம், அரித்துப்போன இறக்கையை என்ன செய்வது?

ஆசிட் ஊற்றுவதும் வேண்டாம். மாங்கனீஸ் வெண்கலம் என்று விற்பதில் ஏறக்குறைய 40 சதவீதம் துத்தநாகம். ஆசிட்டும் உப்புநீரும் அந்தத் துத்தநாகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அரித்துவிட்டால் மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. இறக்கையில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தாலோ, சுத்தியால் லேசாகத் தட்டும்போது கணீரென்று இல்லாமல் மொத்தென்று கேட்டாலோ, பாலிஷ் போட்டுப் பயனில்லை. மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் கொட்டலசு ஓடுகளை எடுங்கள். அடியில் நிற்கும் வெள்ளை வட்டத்தை நைலான் நாரால் தேயுங்கள்.

பெயிண்ட்? அடிப்பாகத்துக்கு அடிக்கும் செம்புப் பெயிண்ட், வேகமாகச் சுழலும் இறக்கை நுனியில் சீக்கிரம் உரிந்துவிடும். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின், நீரில் இறங்கும் அலுமினியக் காலில் அதை அடித்தால் அலுமினியமே அரித்துப்போகும். புரொப்பல்லருக்கென வரும் சிலிகான் பூச்சு தேவலாம். அது எதையும் கொல்லாது, பிடிமானம் கிடைக்காத வழவழப்பு மட்டும்தான். படகு ஓடும்போது ஒட்டியது தானே உதிரும். வலைக்கயிறு உரசினால் பூச்சும் போய்விடும் என்பது அதன் குறை. ஆனோடின்மேல் எந்தப் பூச்சும் படக்கூடாது.

படகை நீரிலேயே நிறுத்த வேண்டியிருந்தால் புரொப்பல்லரைக் கெட்டியான கறுப்புப் பையால் மூடிக் கட்டலாம். வெளிச்சமும் புது நீரும் புகாமல் வளர்ச்சி மட்டுப்படும். எஞ்சின் சாவியில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள், பையோடு ஸ்டார்ட் செய்துவிடாமலிருக்க.

ஏற்காடு ஏரியிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் இந்தத் தொல்லை இல்லை, நன்னீரில் கொட்டலசு வாழாது. அங்கே ஷாப்ட்டில் சுற்றும் கொடியும் நரம்புவலையும்தான் பிரச்சினை. கடல்பக்கத்தில் பழைய மோட்டார் வாங்கி இங்கே மாட்டுகிறவர்கள் ஆனோடை மட்டும் மாற்றிவிடுங்கள். நன்னீரில் துத்தநாகம்மேல் ஒரு படலம் மூடி வேலை செய்யாமல் போகும். இங்கே மக்னீசியம் ஆனோடு வேண்டும்.