ஆக்ஸிஜனேற்றி: நெல்லிக்காய்க்குள் பிளீச்சிங் பவுடர்

"நெல்லிக்காயில் ஆக்ஸிஜனேற்றிகள் நிறைந்துள்ளன." இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. நெல்லிக்காய் இருக்கும் இடத்தில் ஒரு நாள் மாதுளை வரும், இன்னொரு நாள் கிரீன் டீ, மஞ்சள், முருங்கைக்கீரை. ஆக்ஸிஜனேற்றி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். போன வாரம் சித்தி போன் செய்து, "மாதுளையில ஆக்ஸிஜனேற்றி இருக்காமே, சித்தப்பாவுக்கு மூச்சு வாங்குதே, ஜூஸ் போட்டுக் குடுக்கட்டுமாடா?" என்று கேட்டார். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சித்தி மேல் தப்பே இல்லை. சுமை ஏற்றுகிறோம், விளக்கு ஏற்றுகிறோம், குளுக்கோஸ் ஏற்றுகிறோம். அப்படியானால் ஆக்ஸிஜனேற்றி உடம்பில் ஆக்ஸிஜனை ஏற்றும் பொருள்தானே? 2021இல் வீட்டுக்கு வீடு விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சொல் வேறு எப்படிப் புரியும்?

பள்ளி வேதியியல் புத்தகத்திலும் இந்தச் சொல் உண்டு. அங்கே அதன் பொருளில் குழப்பமே கிடையாது: இன்னொரு பொருளை ஆக்ஸிஜனேற்றம் செய்வது, அதாவது அதோடு ஆக்ஸிஜனைச் சேர்ப்பது அல்லது அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது, ஆக்ஸிஜனேற்றி. பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் அந்த வகை. நெல்லிக்காயில் இருப்பதாகச் சொல்லப்படுவதோ அந்த வினையைத் தடுக்கும் பொருள், ஆங்கிலத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட். நேர் எதிர்! நெல்லிக்காய் நிறைய பிளீச்சிங் பவுடர் என்று எழுதிவிட்டுத் தினம் ஒன்று சாப்பிடுங்கள் என்கிறார்கள்.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1777இல் ஆக்ஸிஜனுக்குக் கிரேக்கத்திலிருந்து பெயர் வைத்தார். பொருள், 'புளிப்பைப் பிறப்பிப்பது'. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நினைத்துவிட்டார். அது தவறு, பெயர் நிலைத்துவிட்டது. அதிலிருந்து ஆக்ஸிடேஷன் (நம் ஆக்ஸிஜனேற்றம்), முன்னால் 'ஆன்டி' சேர்ந்து ஆன்டிஆக்ஸிடன்ட். சொல் முதலில் புழங்கியது சாப்பாட்டு மேசையில் அல்ல. ரப்பரில் வெடிப்பு விழாமலும் எரிபொருள் கெடாமலும் காக்கிற தொழிற்சாலைச் சரக்குக்குத்தான் அந்தப் பெயர். வைட்டமின் சி, ஈ எல்லாம் பிறகு வந்து அதே வரிசையில் நின்றவை.

தமிழில் இது எப்படித் தலைகீழானது? என் ஊகம் இதுதான். யாரோ ஒருவர் 'எதிர் ஆக்ஸிஜனேற்றி' என்று ஒழுங்காகத்தான் எழுதியிருப்பார். தலைப்பில் இடம் போதாமல் 'எதிர்' கழன்றிருக்கும். மொழிபெயர்ப்பு இயந்திரம் மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டது. இயந்திரத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் அதையே பரப்புகிறார்கள்.

அந்த 'எதிர் ஆக்ஸிஜனேற்றி'யே எனக்கு உடன்பாடில்லை. எதிர்வீடு என்றால் வீட்டைத் தடுப்பதா? எதிர்க்கடை என்றால் கடைக்குப் பகையா? தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பது, அவ்வளவுதான். 'எதிர் ஆக்ஸிஜனேற்றி' என்றால் போட்டிக்கு வந்த இன்னொரு ஆக்ஸிஜனேற்றி என்றுதான் என் காதில் விழுகிறது. தமிழ்க் கூட்டுச் சொல்லில் கனம் கடைசியில் இருக்கும். கடைசியில் 'ஏற்றி' நின்றால் அது ஏற்றியேதான். முன்னால் எதை ஒட்டினாலும் ஒட்டு போட்டதுதான்.

அடுத்து 'ஆக்ஸிஜன் எதிர்ப்பி'. 1920களில் பிரான்சில் மூரூ, துஃப்ரேஸ் என்ற வேதியியலாளர்கள் ஏறக்குறைய இதே பொருளில் ஒரு சொல்லைப் புழங்கினார்கள் என்பதால் அடியோடு தள்ள முடியாது. ஆனாலும் எதிர்ப்பு ஆக்ஸிஜனோடு அல்ல, அது செய்யும் வேலையோடு. தனித்தமிழ் அன்பர்களின் 'உயிர்வளியேற்றத் தடுப்பான்' இன்னும் ஆபத்து. உயிர்வளி என்பது ஆக்ஸிஜன், அதைத் தடுப்பது என்றால் கழுத்தை நெரிப்பது போல இருக்கிறது. தூய்மை எனக்கும் பிடிக்கும். சித்தி பயந்து நெல்லிக்காயைத் தூக்கி எறிகிற அளவுக்கு வேண்டாம்.

என் ஓட்டு 'ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்' பக்கம். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால் அறுந்தால் 'ஆக்ஸிஜனேற்ற' என்று அந்தரத்தில் நிற்கும். ஏதோ விட்டுப்போனது என்று பிழை திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். இலங்கைத் தமிழர் ஆக்ஸிடேஷனை 'ஒட்சியேற்றம்' என்பார்கள். அங்கே 'ஒட்சியேற்றத் தடுப்பான்' என்றால் இன்னும் கச்சிதம்.

ஆக்ஸிஜனேற்றம் நம் அடுக்களைக்குப் புதிதும் அல்ல. தீபாவளி முறுக்கு நாளாகி அடிக்கிற காறல் வாடை அதுதான். நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறாததற்கு எள்ளிலேயே இருக்கும் செசமால் போன்ற தடுப்பான்கள் ஒரு காரணம். பாக்கெட் எண்ணெயில் சின்ன எழுத்தில் 319 என்ற எண் இருந்தால் அது டிபிஎச்கியூ என்ற செயற்கைத் தடுப்பான். கிரீன் டீ கதை இன்னும் வேடிக்கை. சாதாரணத் தேயிலையை நசுக்கிக் காற்றில் ஆக்ஸிஜனேற விட்டுத்தான் கறுப்பாக்குகிறார்கள். பச்சையாக வேண்டுமென்றால் பறித்த கையோடு சூடு காட்டி அதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கிரீன் டீக்குப் போய் ஆக்ஸிஜனேற்றி என்று பட்டமா!

'தடுப்பான்' என்பதில் இன்னொரு வசதி, அது அளவுக்கு மீறி எதையும் வாக்களிப்பதில்லை. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த சோதனையில் பீட்டா கரோட்டின் என்ற தடுப்பானை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. முடிவு வெளியானது 1994இல். காயும் பழமும் உடம்புக்கு நல்லது என்பது வேறு, அதிலிருந்து ஒரு சரக்கைப் பிரித்து மாத்திரையாக்குவது வேறு. 2012இல் அமெரிக்க வேளாண் துறையும், உணவுகளுக்குத் தடுப்பு மதிப்பெண் போட்டு வைத்திருந்த பட்டியலைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்பது காரணம்.

இதையெல்லாம் சுருக்கி ஒரு பத்திரிகைக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த இதழில் மாற்றிவிட்டார்கள்: "கொய்யாவில் ஆண்டி ஆக்ஸிடண்ட் அதிகம்." மூன்று சுழி ண போட்டு, பழனிமலை ஆண்டியேதான். சரி, ஆண்டி இருந்துவிட்டுப் போகட்டும். பிளீச்சிங் பவுடர் இல்லையே.